விசையும் நிறையும்: ஒரு சிறு வண்டியை இழுத்து அளந்த அனுபவம்

விசை இரண்டு மடங்கானால் முடுக்கமும், அதாவது வேகம் மாறும் வீதமும், இரண்டு மடங்காகும். நிறை இரண்டு மடங்கானால் முடுக்கம் பாதியாகும். இதைப் பள்ளியில் மனப்பாடமாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன்தான் என்றாலும், ஒருமுறைகூட நானாக அளந்து பார்த்ததில்லை. உபயோகமில்லாமல் கிடந்த ஒரு ஜோடி சக்கரக் காலணிகளைப் பிரித்தபோது 16 பேரிங்குகள் கையில் மிஞ்சின. அவற்றைத் தூக்கி எறிய மனம் வராமல், நான்கைச் சக்கரங்களாக வைத்து ஒரு வண்டியும், ஒன்றைக் கப்பியாக வைத்து ஓர் இழுவை அமைப்பும் செய்து, அந்த இரண்டு வாக்கியங்களையும் சோதித்துவிடலாம் என்று தொடங்கினேன். ஒரு மாலைப் பொழுதில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரங்கள் இழுத்தது. முதல் நாளே 'சரியான' விடை கிடைத்துவிட்டதுதான் அதற்குக் காரணம்.

அமைப்பு எளியது. லேமினேட் ஒட்டிய, 120 செ.மீ. நீளமுள்ள கெட்டியான பலகைதான் தடம். ஒரு மரத்துண்டின் அடியில் 8 மி.மீ. போல்ட்டுகளை அச்சாகப் பொருத்தி, அவற்றின் முனைகளில் 22 மி.மீ. விட்டமுள்ள பேரிங்குகளைச் செருகினேன். பேரிங்கின் வெளி வளையமே பலகையில் நேரடியாக உருளும் சக்கரம். அச்சுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததால் வண்டி முதலில் ஒரு பக்கமாக ஒதுங்கியது. துளையைச் சற்று அகலப்படுத்தித் திருத்தினேன். வண்டியின் நிறை 450 கிராம். பலகையின் ஒரு முனையில் ஐந்தாவது பேரிங்கைப் பொருத்தி, அதன் இரு ஓரங்களிலும் மெல்லிய டேப்பைச் சுற்றி, நூல் நழுவாதபடி நடுவில் ஒரு பள்ளம் ஏற்படுத்தினேன். வண்டியில் கட்டிய நூல் பலகைக்கு இணையாக வந்து, இந்தக் கப்பியின் மேல் வளைந்து, மேசைக்குக் கீழே தொங்கும். நூலின் முனையில் எடையைக் கட்டி, வண்டியை விட்டால், எடை கீழே இறங்கும். வண்டி முன்னே ஓடும்.

சொற்களைப் பற்றி ஒரு வரி. நிறை என்று நான் எழுதுவது கிலோகிராமில் சொல்லப்படுவதை. எடை என்பது அந்த நிறையைப் புவி இழுக்கும் விசை, நியூட்டனில் சொல்லப்படுவது. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் முதலாவதைத் திணிவு என்றும் இரண்டாவதை நிறை என்றும் சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் இந்தப் பதிவைப் படிக்கும்போது அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் கணக்கு தலைகீழாகிவிடும்.

முதல் நாள் 200 கிராம் போல்ட்டுக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். 0.2 கிலோகிராமை 9.8-ஆல் பெருக்கினால் 1.96 நியூட்டன் விசை. அதை வண்டியின் நிறையான 0.45 கிலோகிராமால் வகுத்தால் முடுக்கம் 4.36 மீ/வி² என்று வர வேண்டும். ஓய்விலிருந்து புறப்பட்டு 60 செ.மீ. ஓடும் நேரத்தை அளந்தால், தூரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து முடுக்கத்தைப் பெறலாம். கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி ஐந்தாறு முறை அளந்தேன். ஒரு முறை 0.53 விநாடி வந்தது. 1.2-ஐ 0.53-இன் வர்க்கத்தால் வகுத்தால் 4.27. எதிர்பார்த்ததற்கு இரண்டு சதவீதம்கூட விலகல் இல்லை என்று கண்டு, நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

அதே நோட்டில், அதே பக்கத்தில், மற்ற அளவீடுகளும் இருந்தன: 0.62, 0.71, 0.50, 0.79. அவற்றை 'கை தவறியவை' என்று ஒதுக்கியிருந்தேன். மறுநாள் அவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தபோது முடுக்கம் 1.9-லிருந்து 4.8 வரை பரவியிருந்தது. கண் பார்த்துக் கை அழுத்துவதற்கே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் அழுத்துகிறோம். ஓட்டமோ அரை விநாடிதான். இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு எந்த விடை வேண்டுமோ அதை 'நிரூபித்து' விடலாம். நான் விரும்பிய எண் வந்தவுடன் அளப்பதை நிறுத்தியிருக்கிறேன் என்பதே உண்மை.

ஆகவே ஸ்டாப்வாட்ச்சைக் கைவிட்டு, கைபேசியின் மெதுவியக்க வீடியோவுக்கு மாறினேன். விநாடிக்கு 240 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்று அமைப்பில் எழுதியிருந்தது. சில கைபேசிகள் குறைவாகப் படமெடுத்து இடைச்சட்டகங்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் என்பதால், முதலில் அதையே சோதித்தேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போல்ட் ஒன்றை விழவிட்டால் 0.452 விநாடியில் தரையைத் தொட வேண்டும். 240-ஆல் பெருக்கினால் 108 சட்டகங்கள். நான்கு முறை விழவிட்டு எண்ணியதில் 108 அல்லது 109 வந்தது. கைபேசியை நம்பலாம் என்று முடிவு செய்தேன்.

இப்போது 200 கிராம் ஓட்டத்தை மறுபடியும் படமெடுத்தேன். ஒவ்வொரு முறையும் 156 சட்டகங்கள், ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். அதாவது 0.65 விநாடி, முடுக்கம் 2.84. நான் வட்டம் போட்ட 4.27 எங்கே, இது எங்கே. அளவீடு இப்போது உறுதியாக இருந்ததால், தவறு கணக்கில்தான் இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுருள்வில் தராசு உதவியது. 200 கிராம் கட்டைத் தராசில் தொங்கவிட்டு அசையாமல் பிடித்தால் முள் 200-இல் நின்றது. தராசைப் பிடித்திருந்த கையைச் சட்டெனக் கீழே இறக்கினால், இறங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் முள் 200-க்கு வெகு கீழே போய், கை நின்றதும் 200-ஐத் தாண்டிக் குதித்தது. கீழ்நோக்கி முடுக்கம் பெறும் எடை, தன் முழு எடையாலும் நூலை இழுப்பதில்லை. புவி அதை இழுக்கும் 1.96 நியூட்டனில் ஒரு பகுதி, அந்த எடையையே வேகப்படுத்தச் செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் நூல் வழியாக வண்டிக்கு வந்து சேர்கிறது. 2.84 மீ/வி² முடுக்கத்தில் இறங்கும் 200 கிராமின் நூலில் இருக்கும் இழுவிசை ஏறத்தாழ 1.4 நியூட்டன்தான்.

இதையே வேறு விதமாகச் சொன்னால் கணக்கு எளிதாகும். 1.96 நியூட்டன் விசை நகர்த்துவது 450 கிராம் வண்டியை மட்டுமன்று. வண்டி, தொங்கும் எடை ஆகிய இரண்டையும் சேர்த்து 650 கிராமை. 1.96-ஐ 0.65-ஆல் வகுத்தால் 3.02. அளந்தது 2.84. நெருங்கிவிட்டது, ஆனாலும் அந்த ஆறு சதவீத இடைவெளி கண்ணை உறுத்தியது. முதல் நாளின் அனுபவத்துக்குப் பிறகு, 'நெருங்கிவிட்டது' என்ற சொல்லை நம்ப எனக்குத் துணிவில்லை.

அடுத்த ஒரு வாரம் இந்த ஆறு சதவீதத்தைத் தேடுவதிலேயே போயிற்று. முதலில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி லேசாக ஒதுங்கி நின்றது. 120 செ.மீ. நீளத்துக்குக் கப்பி இருக்கும் முனை 3 மி.மீ. உயர்ந்திருந்தது. 3 மி.மீ. என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அதன் விளைவு 9.8-இல் 400-இல் ஒரு பங்கு, அதாவது 0.0245 மீ/வி² எதிர் முடுக்கம். பெரிய எடையில் இது பொருட்டன்று, சிறிய எடையில் ஓட்டத்தையே கெடுத்துவிடும். மடித்த காகிதங்களை அடியில் செருகிச் சமப்படுத்தினேன். நூலையும் பக்கவாட்டிலிருந்து படமெடுத்துப் பார்த்தேன். வண்டி கப்பியை நெருங்கும்போது நூல் மேல்நோக்கிச் சாய்ந்தது. நூல் 20 பாகை சாய்ந்தால் இழுவையில் ஆறு சதவீதம் வீணாகும். வண்டியில் முடிச்சிட்ட இடத்தைத் தாழ்த்திக் கப்பியின் மேல்விளிம்போடு நேராக்கினேன்.

பெரிய குற்றவாளி பேரிங்குக்குள் இருந்த கிரீஸ். வண்டியை விரலால் மெல்லத் தள்ளிவிட்டால் 35 செ.மீ. தூரத்தில் நின்றுவிட்டது. பேரிங்குகளின் ரப்பர் மூடிகளை ஊசிமுனையால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குலுக்கினேன். தேன் நிறத்தில் கிரீஸ் கசிந்து அடியில் படிந்தது. இரண்டாம் முறை கழுவி, உலர்த்தி, தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டபின், அதே தள்ளலுக்கு வண்டி பலகையின் முனைவரை ஓடியது. வேகமாகவும் நீண்ட நேரமும் சுழலும் பேரிங்குக்குக் கிரீஸ் தேவை. ஒரு விநாடி ஓடி நிற்கும் என் வண்டிக்கு அது வெறும் பாரம்.

இந்த இடத்தில் இன்னொரு மாற்றமும் செய்தேன். 200 கிராம் போன்ற பெரிய எடைகளை ஒதுக்கிவிட்டு, 10 கிராம் வாஷர்களுக்கு மாறினேன். ஓட்டம் மெதுவாக இருந்தால் நேரம் நீளும். நேரம் நீண்டால் அளவீட்டுப் பிழையின் பங்கு சுருங்கும். கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டியதும் இதற்காகவே. நேராக விழும் பொருளை அளக்கும் கடிகாரம் அவரிடம் இல்லை, எனவே விழுதலையே மெதுவாக்கி, ஒழுகிய நீரை நிறுத்துப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டார். 1784-இல் ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் அட்வுட் தம் எந்திரத்தை விவரித்து எழுதியபோதும், ஏறத்தாழ சமமான இரண்டு எடைகளை ஒரே கப்பியின் இருபுறமும் தொங்கவிட்டு, சிறு வித்தியாசத்தைக் கொண்டு பெரிய நிறையை மெதுவாக நகர்த்தினார். கப்பியின் அச்சைச் சிறு சக்கரங்களின் மேல் தாங்கவைத்து உராய்வையும் குறைத்தார். அரை விநாடியில் முடியும் ஓட்டத்தோடு நான் முதல் நாள் மல்லுக்கட்டியது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது இவற்றை நினைத்தபோது புரிந்தது.

20 வாஷர்களைச் சேர்த்து நிறுத்ததில் 201 கிராம் இருந்தது; ஆகவே ஒன்றுக்கு 10 கிராம் என்று கொள்ளலாம். நூலின் முனையில் கொக்கி கட்டினால் அதன் நிறை கணக்கில் சேரும் என்பதால், ஒரு தீக்குச்சியைக் குறுக்காகக் கட்டி, அதன்மேல் வாஷர்களைக் கோத்துவிட்டேன். ஐந்து வாஷர்களையும் தொடக்கத்தில் வண்டியின் மேல் அடுக்கினேன். ஓட்டத்துக்கு ஓட்டம் ஒவ்வொன்றாக வண்டியிலிருந்து எடுத்து நூலில் கோத்தேன். இதில்தான் சோதனையின் சூட்சுமம் இருக்கிறது. புது வாஷரை வெளியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டால் விசையும் கூடும், நகரும் மொத்த நிறையும் கூடும். எது எதைச் செய்தது என்று பிரித்தறிய முடியாது. வண்டியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டால் மொத்த நிறை எப்போதும் 500 கிராமாகவே இருக்கும். விசை மட்டும் 0.098 நியூட்டன் வீதம் ஏறும்.

மெதுவான ஓட்டத்துக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. ஒரே வாஷர் இழுக்கும்போது, விட்டபின் வண்டி முதல் ஒரு மில்லிமீட்டர் நகரவே ஏறத்தாழ 0.12 விநாடி, அதாவது 30 சட்டகங்கள் ஆகின்றன. 'இப்போது புறப்பட்டது' என்று எந்தச் சட்டகத்தைச் சொல்வது? விரலால் பிடித்து விடுவதும் சரிவரவில்லை. விரல் விலகும்போது கொஞ்சம் தள்ளியோ இழுத்தோ விடுகிறது. கடைசியில் வண்டியின் பின்புறத்தை ஒரு நூலால் பலகையோடு கட்டி, அந்த நூலைத் தீக்குச்சியால் எரித்து அறுத்தேன். நூல் அறுந்து துவளும் சட்டகம் வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது, அதுவே தொடக்கம். ஒரு முறை சுடர் வண்டியின் ஓரத்தைக் கருக்கிவிட்டது, அதைத் தவிர இம்முறையில் குறை காணவில்லை. எரிகிற நூலைக் கவனிக்க இன்னொருவர் அருகில் இருப்பது நல்லது.

ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஐந்து ஓட்டங்கள் எடுத்தேன், எதையும் ஒதுக்கவில்லை. 60 செ.மீ. கடக்க ஆன சராசரி நேரம் இது: ஒரு வாஷருக்கு 3.05 விநாடி, இரண்டுக்கு 1.95, மூன்றுக்கு 1.54, நான்குக்கு 1.32, ஐந்துக்கு 1.17. முடுக்கமாக மாற்றினால் முறையே 0.129, 0.316, 0.506, 0.689, 0.877 மீ/வி².

இந்த எண்களை அப்படியே பார்த்தால் பள்ளியில் படித்த வாக்கியம் பொய்யாகிறது. விசை ஒன்றிலிருந்து இரண்டு வாஷராகும்போது முடுக்கம் இரண்டு மடங்கு ஆகவில்லை. இரண்டரை மடங்கை நெருங்கியிருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்தாகும்போது ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனால் வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்து அளவுகோலை ஒட்டிப் பிடித்தபோது, ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் நின்றன. கோடு நேராக இருக்கிறது. தொடக்கப்புள்ளி வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வாஷரும் கூட்டுகிற முடுக்கம் எப்போதும் 0.187. அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், வாஷரே இல்லாத இடத்தில் அது பூச்சியத்துக்குக் கீழே 0.058-இல் அச்சை வெட்டுகிறது.

இரண்டு எண்களுக்கும் பொருள் உண்டு. 0.098 நியூட்டனை 0.187-ஆல் வகுத்தால் நகரும் நிறை கிடைக்கும்: 0.524 கிலோகிராம். அதை 0.058-ஆல் பெருக்கினால் உராய்வு கிடைக்கும்: 0.03 நியூட்டன், அதாவது 3 கிராமின் எடை. வண்டியை நகர்த்துவது வாஷர்களின் எடை அன்று, வாஷர்களின் எடையில் உராய்வு போக மிஞ்சும் நிகர விசை. ஒரே வாஷர் தொங்கும்போது உராய்வு அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது; ஐந்து தொங்கும்போது பதினாறில் ஒரு பங்குதான். மடங்குக் கணக்கு பிசகியது இதனால்தான்.

உராய்வு உண்மையிலேயே 3 கிராம் அளவுதானா என்று தனியே பார்த்தேன். வாஷர்களை எடுத்துவிட்டு, தீக்குச்சியில் காகிதம் செருகும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் வண்டியை மெல்லத் தட்டிவிட்டேன். பத்து கிளிப்புகள் 5 கிராம். நான்கு கிளிப்புகளில் வண்டி தயங்கித் தயங்கி நின்றது. ஆறாவது கிளிப்பில் தட்டிய வேகம் மாறாமல் கடைசிவரை போயிற்று. எட்டில் வேகம் பிடித்தது. வரைபடம் சொன்னதும் கிளிப்புகள் சொன்னதும் ஒன்றே. வேகம் மாறாமல் ஓடுகிற வண்டியின் மேல் நிகர விசை பூச்சியம் என்ற நியூட்டனின் முதல் விதியும் இதில் கண்முன்னே தெரிந்தது.

வாஷர்கள் கீழே விரித்த பஞ்சுத் துணியைத் தொட்டபின் நூல் துவண்டு, வண்டி தானாகவே மேலும் கொஞ்ச தூரம் ஓடுகிறது. அந்தப் பகுதியையும் வீணாக்கவில்லை. ஐந்து வாஷர் ஓட்டத்தில், நூல் துவண்டபின் 20 செ.மீ. கடக்க 47 சட்டகங்கள் ஆயின. வேகம் விநாடிக்கு 1.02 மீட்டர். அந்த வேகத்தை எட்ட 1.17 விநாடி ஆகியிருக்கிறது என்பதால் முடுக்கம் 0.87. வேறு வழியில் கிடைத்த 0.877-க்கு இது சாட்சி.

மிஞ்சிய புதிர் 24 கிராம். தராசு 500 என்கிறது. ஓட்டம் 524 என்கிறது. அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்தாலும் நிறை 520-க்கும் 530-க்கும் இடையிலேயே நின்றது, ஒரு முறைகூட 500-க்கு வரவில்லை. விடை சக்கரத்தில் இருந்தது. வண்டியின் உடல் முன்னே நகர்வதோடு சரி. சக்கரத்தின் வளையமோ முன்னே நகர்வதோடு தன்னைத் தானே சுற்றவும் வேண்டும். அந்தச் சுழற்சியைத் தொடங்கிவைக்கவும் விசை தேவை. மெல்லிய வளையம் ஒன்று நழுவாமல் உருளும்போது, அதன் நிறை விசைக்கு இரண்டு முறை கணக்காகிறது: நகர்வதற்கு ஒரு முறை, சுழல்வதற்கு ஒரு முறை. மிஞ்சிய பேரிங்குகளில் இரண்டை உடைத்து, வெளி வளையங்களை மட்டும் நிறுத்தேன். இரண்டும் சேர்ந்து 11 கிராம். வளையத்துக்குக் கொஞ்சம் தடிமன் இருப்பதால் அதன் நிறை முழுவதும் விளிம்பில் இல்லை. அதையும் உள்ளே உருளும் குண்டுகளையும் கணக்கில் கொண்டால் பேரிங்குக்கு ஏறத்தாழ 5 கிராம் சுழற்சிக் கூடுதல். நான்கு சக்கரங்கள், ஒரு கப்பி, ஆக ஐந்து பேரிங்குகளுக்கு 25 கிராம். தராசுக்குத் தெரியாத அந்த 24 கிராம் இதுதான். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வந்தேன்: விசையை மாற்றாமல் நிறையை ஏற்றுவது. மூன்று வாஷர்களை நிரந்தரமாகத் தொங்கவிட்டு, வண்டியின் மேல் 250 கிராம் இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். மொத்த நிறை 500-லிருந்து 1500 கிராம்வரை போயிற்று. நிறை மூன்று மடங்கானதால் முடுக்கம் 0.506-இல் மூன்றில் ஒரு பங்காக, 0.17 அளவில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 0.131, நான்கில் ஒரு பங்குக்கு அருகில். சக்கரத்தின் 25 கிராம் இதற்குக் காரணமாக முடியாது. அது எதிர்த்திசையில் அல்லவா இழுக்கும்.

இம்முறை தேட வெகுநேரம் ஆகவில்லை. மறுபடியும் வண்டியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். முன்பு ஆறு கிளிப்புகளோடு ஓடிய வண்டியை, முழுச் சுமையோடு வேகம் குறையாமல் ஓடவைக்க ஏறத்தாழ ஒரு முழு வாஷரே தேவைப்பட்டது. சுமை மூன்று மடங்கானதும் உராய்வும் மூன்று மடங்காகிவிட்டது. நிறையை மட்டும் மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாமலேயே நிகர விசையையும் குறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு சுமைக்கும் உராய்வைத் தனித்தனியே அளந்து கழிக்கலாம். அதைவிட நல்ல வழி, ஆய்வகங்களில் வெகுகாலமாக வழக்கில் இருப்பது, பலகையைச் சாய்ப்பது. உராய்வு வண்டியின் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. சாய்ந்த பலகையில் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் கூறும் அதே எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. ஆகவே ஒரு சுமைக்குச் சரிசெய்த சாய்வு எல்லாச் சுமைகளுக்கும் சரியாக இருக்க வேண்டும். உராய்வு எடையில் 0.0065 பங்கு என்று என் அளவுகள் சொன்னதால், 120 செ.மீ. பலகையின் பின்முனையை 8 மி.மீ. உயர்த்தினால் போதும். அட்டைத் துண்டுகளை அடுக்கி உயர்த்தி, நூலைக் கழற்றிவிட்டு, வெறும் வண்டியைத் தட்டினேன். அடுத்தடுத்த 20 செ.மீ. தூரங்களை 96, 96, 97 சட்டகங்களில் கடந்தது. ஒரு கிலோகிராம் இரும்பை ஏற்றித் தட்டினேன். மூன்று தூரங்களுக்கும் இடையே இரண்டு சட்டகத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. முதலில் பகையாக இருந்த 3 மி.மீ. சாய்வை விரட்டிவிட்டு, இப்போது 8 மி.மீ. சாய்வை நானே வரவேற்று உட்காரவைத்தது வேடிக்கைதான்.

சாய்த்த பலகையில் ஒற்றை வாஷர் ஓட்டத்தைத் திரும்ப எடுத்தேன். முன்பு 3.05 விநாடி எடுத்தது இப்போது 2.53-இல் முடிந்தது, முடுக்கம் 0.187, சரியாக ஒரு வாஷரின் பங்கு. வரைபடக் கோடு தொடக்கப்புள்ளிக்கு வந்து சேர்ந்தது.

பிறகு சுமை ஓட்டங்கள். 500, 750, 1000, 1250, 1500 கிராமுக்கு நேரம் முறையே 1.46, 1.78, 2.05, 2.28, 2.50 விநாடி; முடுக்கம் 0.563, 0.379, 0.2855, 0.231, 0.192. நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் இழுக்கும் விசையான 0.294 நியூட்டன் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். தராசு காட்டும் நிறையை மட்டும் வைத்துப் பெருக்கினால் 0.282-இல் தொடங்கி 0.288-ஐ ஒட்டி மெல்ல ஏறுகிறது. சிறிய நிறையில் குறை அதிகம், பெரிய நிறையில் குறைவு. சக்கரங்களின் 25 கிராமைச் சேர்த்துப் பெருக்கினால் 0.296, 0.294, 0.293, 0.294, 0.293. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பேரிங்கை உடைத்து நிறுத்தது வீண்போகவில்லை.

இதைச் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு, என் அளவில், வண்டியின் அழகோ பலகையின் விலையோ முக்கியமில்லை. கிரீஸைக் கழுவுங்கள், சிறிய எடையைத் தொங்கவிடுங்கள், வாஷரை வண்டியிலிருந்து எடுத்துத்தான் நூலில் கோர்க்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வண்டி கப்பியில் மோதாமல் தடுக்கப் பலகையின் முனையில் ஒரு பஞ்சுக் கட்டையை ஒட்டிவிடுங்கள். ஒன்றரைக் கிலோகிராம் வண்டி ஒரு முறை என் கப்பியைப் பெயர்த்துக்கொண்டு மேசையிலிருந்து குதித்தது, அன்றைய மாலை முழுவதும் திருகாணி தேடுவதில் போயிற்று. அதிகச் சுமையோடு ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திவைத்தால் பேரிங்கின் விளிம்பு லேமினேட்டில் நுண்ணிய பள்ளம் போடும். அடுத்த ஓட்டத்தில் அந்தப் பள்ளமே உராய்வாகத் திரும்பிவரும்.

பலகையை இப்போது பரண்மேல் வைத்திருக்கிறேன். பின்முனைக்குக் கொடுத்த அட்டைத் துண்டுகளை ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, மேல் அட்டையில் 'உராய்வுக்கு, 8 மி.மீ.' என்று பென்சிலால் எழுதி வண்டியின் மேலேயே வைத்துவிட்டேன். நோட்டின் முதல் பக்கத்தில் 4.27-ஐச் சுற்றிப் போட்ட வட்டத்தை அழிக்கவில்லை, பக்கத்தில் 2.84 என்று எழுதித் தேதியும் போட்டிருக்கிறேன்.